நம்பேவே அம்மாவின் ரத்தம்

இரண்டாவது முறையும் மின்சாரம் போய், ஆய்வகத்தில் அணுக்களை உடல்சூட்டில் வைத்துக் காக்கும் வெதுவெதுப்புப் பெட்டி ஆறிப்போனபோது தமன்டானிக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே செத்துக் கிடந்தவை, லிம்பே சந்தையில் மீன் விற்கும் நம்பேவே அம்மா கொடுத்த ரத்தத்தின் வெள்ளணுக்கள். காசநோயில் விழுந்து எழுந்தவர் அவர். கிருமி ஒளிந்திருக்கும் அணுவை அந்த வெள்ளணுக்கள் எப்படிக் கண்டுகொள்கின்றன என்பதுதான் தமன்டானியின் ஆராய்ச்சி.

மறுபடியும் கையை நீட்டுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சந்தைக்குப் போய், கருவாட்டுக் குவியலுக்கு முன்னால் சும்மா நின்றாள்.

"மீன் வாங்க வந்த மூஞ்சியா இது? திரும்பவும் கெட்டுப்போச்சா?" என்றார் நம்பேவே.

"மன்னிச்சிருங்கம்மா. கரண்டு போயிடுச்சு."

"என் ரத்தத்துல குத்தமில்லையே, அது போதும். நான் படுத்துக் கிடந்தப்ப வீடு தேடி வந்து மாத்திரை குடுத்தவங்க யாரும் என் சொந்தக்காரங்க இல்ல. நாளைக்கு வர்றேன். நீ மொதல்ல ஒரு ஜெனரேட்டருக்கு வழி பண்ணு."

தமன்டானி பக்கத்துத் துறையில் கெஞ்சி ஒன்றை வாங்கி வைத்தாள். சொன்னபடியே நம்பேவே வந்து மறுபடியும் ரத்தம் கொடுத்தார்.

சில நாள் கழித்து, அவரையே கூப்பிட்டுத் திரையின் முன்னால் உட்காரவைத்தாள். ஒரு தட்டில், கிருமி புகுந்த அணுக்களுக்கும் அவருடைய வெள்ளணுக்களுக்கும் நடுவே மெல்லிய சவ்வு. நீர் கசியும், அணு தாண்டாது. அங்கே வெள்ளணுக்கள் பேசாமல் கிடந்தன. சவ்வில்லாத தட்டில் ஒரு வெள்ளணு ஊர்ந்து வந்து, நோயுற்ற அணுவின் மேல் அப்பிக்கொண்டது. வெகுநேரம் விலகவில்லை. பிறகு நோயுற்ற அணு சுருங்கிப்போனது.

"எதுக்கு அப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது?"

"உள்ள கிருமி இருந்தா, அதோட துணுக்கு ஒண்ண அந்த அணு தன் மேல்தோல்ல எடுத்துக் காட்டும்மா. தொட்டுப் பாத்தாத்தான் இந்த வெள்ளணுவுக்கு வெளங்கும். எட்டி நின்னா தெரியாது."

நம்பேவே திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஸிக்கோமோ," என்று மெல்ல நன்றி சொன்னார்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? நான்தான் சொல்லணும்."

"உனக்கு யாரு சொன்னா? அதுங்களுக்குச் சொன்னேன். எனக்குள்ள இப்படிப் பாடுபட்டிருக்குதுங்க, எனக்கே தெரியாம."

தமன்டானி சிரித்தாள். கண் கலங்கியது. அந்தப் படத்தை அவருடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் சந்தையில், விலை கேட்டு வந்தவர்களை எல்லாம் நம்பேவே கைப்பேசியை நீட்டி மடக்கினார். "மீன் எங்கயும் ஓடாது. மொதல்ல என் ஆளுங்களப் பாரு."