வர்ணம் பூசாத படகு

திருவண்ணாமலைக்குப் படகு வாங்கப் போகிறோம் என்று சொன்னால் கேட்டவர்கள் சிரிப்பார்கள் என்று தனத்துக்குத் தெரியும். அதனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி விசாரித்தபோது, சாமி கும்பிடப் போவதாகச் சொல்லி வைத்தாள். அது பொய்யும் இல்லை. முதலில் சாமி, அப்புறம் படகு என்றுதான் அவளுக்கும் காசிக்கும் பேச்சு.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் அவர்களுடையது. நிலம் கொஞ்சம், மாடு இரண்டு. ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகை இந்தத் தடவையும் அவள் புருஷன் காசி பேரில் வந்திருந்தது. மழையும் ஏமாற்றவில்லை, ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கோடி வழியாக வழிந்தது. ஆனால் வலை விட ஓர் ஆள், துடுப்புப் போட ஓர் ஆள் என்று இரண்டு பேர் வேண்டும். இத்தனை நாளும் கூட வந்த காசியின் தம்பி கோபி, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் மிச்சம் இருந்தது தனம்தான்.

தனத்துக்கு நீச்சல் தெரியாது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் ஒருநாள் கோபிக்குக் காய்ச்சல் என்று இவள் தெப்பத்தில் ஏறினாள். பழைய பலகைத் தெப்பம், அதற்கும் அன்றைக்கென்று பார்த்து ஏரி நடுவில் ஆயுசு முடிந்தது. காலடியில் பலகை விலகுவதையும் அந்த இடைவெளியில் பச்சைத் தண்ணீர் ஏறி வருவதையும் அவள் கண்ணால் பார்த்தாள். காசி அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டே நீந்திக் கரை சேர்த்தான். மண்டைத்தோல் ஒரு வாரம் வலித்தது. வலி போனது, பயம் போகவில்லை. குடத்தில் தண்ணீர் மொள்ளப் போனால்கூட முதல் படியிலேயே நின்றுகொண்டாள்.

"படகை நான்தான் பொறுக்குவேன்" என்று காசியிடம் சொல்லியிருந்தாள். "அதுல ஏர்றனா இல்லியான்னு அப்பறம் சொல்றேன்."

காசி தலையாட்டினான். அவள் ஏறாவிட்டால் வலை வீட்டு உத்தரத்திலேயே தொங்க வேண்டியதுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் வற்புறுத்தவில்லை. பின்னலைப் பிடித்த கைக்கு அந்த உரிமை கிடையாது என்று நினைத்தானோ என்னவோ.

படகு செய்கிறவர் பெயர் பரசுராமன். கடலோரத்தில் தொழில் கற்று, கல்யாணம் ஆகி மாமனார் ஊரான இங்கே வந்து தங்கிவிட்டவர். அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையை ஒட்டியே அவர் பட்டறை. மலையடிவாரத்தில் படகை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பட்டினிதான். அதனால் ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்தார், பூங்காவுக்குச் சறுக்குமரம் செய்தார், கல்யாண மண்டபத்துக்கு யானை செய்தார். வாசலில் ஆளுயர நந்தி ஒன்று, இன்னும் கொம்பு வைக்காமல் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு படகுகள் டயர்களின் மேல் கவிழ்ந்து கிடந்தன. ஒன்று வெள்ளை, பளபளவென்று கண்ணைக் கூச வைத்தது. மற்றது வர்ணம் காணாதது. ஆறிப்போன டீ நிறத்தில், ஓரமெல்லாம் நார் நாராகத் துருத்திக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தது.

இரண்டையும் போன வாரமே காசி வந்து பார்த்துவிட்டுப் போய் வீட்டில் சொல்லியிருந்தான். ஆகவே தனம் சும்மா வரவில்லை. காலையில் அடி அண்ணாமலை கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி இலையில் மடித்தது. வெள்ளை வந்தால் வெள்ளைப் படகு, சிவப்பு வந்தால் மற்றது. பூக்காரம்மாவையே ஒன்றை எடுக்கச் சொன்னாள். பிரித்தால் வெள்ளை. பட்டறைக்கு வந்து பார்த்தால், வெள்ளைப் படகின் மூக்கில் பட்டையாகத் திருநீறு, நடுவில் குங்குமப் பொட்டு. தனத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பாத்தீங்களா" என்றாள் காசியிடம். "பூவும் சொல்லுது, இதுவும் சொல்லுது."

பரசுராமன் கழுத்தைச் சொறிந்தார். "அது வந்தும்மா, பவுர்ணமி அன்னைக்கு நடக்குற ஜனங்க வெச்சிட்டுப் போனது. நந்தி பக்கத்துல இருக்குதா, இதுவும் இன்னாவோ சாமின்னு கும்புட்டுட்டாங்க. அங்க பாருங்க, தண்ணித் தொட்டிக்கும் வெச்சிருக்காங்க."

தொட்டிக்கும் வைத்துத்தான் இருந்தார்கள். யாரோ மல்லிகைச் சரம்கூடச் சுற்றியிருந்தார்கள். காசி சிரிப்பை அடக்க மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். தனம் அசரவில்லை. வைத்தது ஜனங்களாக இருக்கட்டும், வைக்கச் சொன்னது யார்?

காசி வெள்ளைப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். விரல் முட்டியால் தட்டினான், ஓரத்தைத் தூக்கிக் கனம் பார்த்தான், பரசுராமனிடம் எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு மீன் தாங்கும் என்று கேட்டான். மணி பன்னிரண்டை நெருங்கியது. தனம் மலைப் பாதையில் செருப்புப் போடுவதில்லை என்று வேண்டுதல் வைத்திருந்தாள். பட்டறைத் தரையில் பரப்பியிருந்த ஜல்லி, காலைப் பொரித்தது. ஒற்றைக் காலில் மாறி மாறி நின்று பார்த்தாள். கடைசியில் பக்கத்தில் கவிழ்ந்திருந்த பாவப்பட்ட படகின் அடியில் நிழல் இருக்கும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து நுழைந்தாள்.

உள்ளே நிழல் இல்லை. வெளிச்சம் இருந்தது.

ஒரு கணம் அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே பிடிபடவில்லை. தலைக்கு மேலே, இரண்டு பக்கமும், மூக்கு வரைக்கும், படகு மொத்தமும் உள்ளுக்குள் எரிவது போலத் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. உச்சி வெயில் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. சுவருக்குள்ளே ஆயிரக்கணக்கான நார்கள். ஒன்றன் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்கும் படிந்து கிடப்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வெளியே அழுக்காகத் துருத்திக்கொண்டிருந்த அதே நார்தான். படகின் மேலே ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது. அதன் நான்கு இறக்கையும் நிழலாக உள்ளே விழுந்தன. தனம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோயில் கருவறையில்கூட இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தன் கையை ஏந்திப் பார்த்தாள். கை, வளையல், புடவை எல்லாம் மஞ்சளாகியிருந்தன. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ. கண் பழகப் பழக ஒன்று தெரிய ஆரம்பித்தது. இடது பக்கச் சுவரில், தலைகீழாகத் தொங்கிய உட்காரும் பலகைக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பிரகாசமாக இருந்தது. அங்கே நார்கள் நெருக்கமாக இல்லை.

"ஏங்க" என்று குரல் கொடுத்தாள். "கொஞ்சம் இங்க வாங்க. மேஸ்திரியையும் கூட்டிக்கினு வாங்க."

காசி நுழைந்தான். அண்ணாந்து பார்த்தபடி மண்டி போட்டே இருந்தான். பின்னால் பரசுராமன் முனகிக்கொண்டே ஊர்ந்து வந்தார்.

"இந்த எடத்துல மட்டும் வெளிச்சம் ஜாஸ்தியா கீது" என்றாள் தனம். "ஏன்?"

பரசுராமன் பார்த்தார். விரலால் தடவினார். மறுபடியும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த வியாபாரம் மெல்ல இறங்கியது.

"ரெண்டு மடிப்பு கம்மி" என்றார். "கண்ணாடி நார்த் துணிய இங்க ஏழு மடிப்பு போடணும். அஞ்சுதான் விழுந்திருக்குது. எப்படி உட்டேன்னு தெரியலம்மா."

"இதோட போனா இன்னா ஆகும்?"

"உடனே ஒண்ணும் ஆகாது. மரக்கட்டை, பாறைன்னு இடிச்சா இங்கதான் முதல்ல விடும்."

காலடியில் பலகை விலகியதும் பச்சைத் தண்ணீர் ஏறி வந்ததும் தனத்துக்குள் ஒரு தடவை ஓடி மறைந்தன. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வெள்ளைப் படகுல?"

"அதுல எல்லாம் நல்லாத்தான் போட்டேன்."

"இதுலயும் நல்லாத்தான போட்டீங்க?"

பரசுராமன் அந்த இடத்தை மறுபடியும் விரலால் தட்டினார். தும்பி எழுந்து போனது.

"அதுல வர்ணத்தக் கலந்தே ஊத்திட்டேன்" என்றார். "இனிமே உள்ள இன்னா கீதுன்னு எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட பொய் சொல்லி நான் இன்னா பண்ணப் போறேன்."

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். வெயிலில் இரண்டு படகும் முன்பு போலவே கிடந்தன, ஒன்று பளபளவென்று, ஒன்று பரிதாபமாக. தனம் வெள்ளைப் படகைச் சுற்றி வந்து அதன் திருநீற்றுப் பட்டையைப் பார்த்தாள். அழகான படகு. அதன் வயிற்றுக்குள் ஏழு மடிப்பும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"எனக்கு இதுதான்" என்று மற்றதைக் காட்டினாள். "அந்த எடத்த நான் பாக்கப் பாக்க அடச்சிக் குடுங்க. வர்ணம் வேணாம்."

"வர்ணம் இல்லாம போனா வெயில்ல ரெண்டு மூணு வருஷத்துல மங்கிப் போயிடும்மா."

"மங்கினா அப்பறம் பூசிக்கலாம்."

காசி அவள் காதருகே வந்தான். "பூ வெள்ளைக்குத்தான் வந்துச்சு."

அது தனத்துக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. சாமியிடம் கேட்டுவிட்டு, சொன்னதைத் தள்ளிவிட்டுப் போவது சாதாரண விஷயமில்லை. அவள் மலைக்கு நேராகத் திரும்பி நின்றாள். ஜல்லி சுட்டது. இந்தத் தடவை காலை மாற்றவில்லை.

"நான்தான் தப்பா கேட்டுட்டேன்" என்று மலையிடம் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சமாதானம் பேசுகிற குரலில். "எது அழகுன்னு கேட்டா மாரி கேட்டுட்டேன். நீயும் அதுக்கு பதில் சொன்ன. எது தாங்கும்னு கேட்டிருக்கணும். அத உள்ள கூப்ட்டுக் காட்டிட்ட. மனசுல வெச்சிக்காத."

காசி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பட்டறைப் பையன் ஒருவனும் கை கொடுக்க, நான்கு பேர் சேர்ந்து படகைப் புரட்டி, சூரியனுக்கு முதுகு காட்டிச் சாய்த்து வைத்தார்கள். தனம் மடியிலிருந்த கோயில் குங்குமத்தை எடுத்து அந்தப் பிரகாசமான இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். பரசுராமன் அதை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார், நார்த் துணியை வெட்டி ஒட்டினார், பிசின் தடவி உருளையால் அழுத்தினார். நெடி மூக்கைத் துளைத்தது. இரண்டு மடிப்பு போதும் என்று எழுந்தவரை, "இன்னொண்ணு" என்று உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் அவளைப் பக்கத்தில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். நெருப்புமில்லை, அடுப்புமில்லை, அந்த இடம் தானாகச் சூடேறிக்கொண்டிருந்தது. ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. இறுகும்போது அப்படித்தான் என்றார் பரசுராமன். தனம் கையை எடுக்கவில்லை. சூடு ஏறி, நின்று, இறங்கும்வரை வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் படகு மினி லாரியில் ஊருக்கு வந்தது. ஏரிக்கரையில் கூட்டம். இதற்கு வர்ணம் அடிக்கக் காசு பத்தவில்லையா என்று ஒருவர் கேட்டார். காசி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, கற்பூரம் காட்டி, படகைத் தண்ணீரில் தள்ளினான். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் மலை, ஏரிக்குள்ளும் ஒரு மலை.

தனம் வந்தாள். எப்போதும் வேலைக்குக் கொண்டை போடுகிறவள் அன்றைக்கு ஒற்றைப் பின்னலை இடுப்புக்குக் கீழே தொங்க விட்டிருந்தாள், நுனியில் கயிறு மாதிரித் தடித்த ரிப்பனோடு. எதற்கென்று காசிக்குப் புரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பை எடுத்தான்.

"பத்தடி" என்றாள். "பத்தடிக்கு மேல போகக் கூடாது."

"சரி."

ஏறினாள். படகு ஆடியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். துடுப்பு நான்கு தரம் விழும் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. கண்ணைத் திறந்தாள்.

படகின் சுவர் முழுக்க வெயில். அதே தேன் நிறம். ஆனால் இப்போது அதன் குறுக்கே, அவள் முழங்கால் உயரத்தில், மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே மஞ்சள், கீழே பச்சை. கோடு மெல்ல ஏறியது, இறங்கியது. அது என்னவென்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அது ஏரி. சுவருக்கு அந்தப் பக்கம், முழங்கால் உயரத்துக்கு, மொத்த ஏரியும் வந்து நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குப் பலகை இடுக்கில் ஏறி வந்த அதே பச்சை. இன்றைக்கு உள்ளே வர வழியில்லாமல், சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

தனத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. பயமா என்றால் பயம்தான். ஆனால் இத்தனை பெரிய தண்ணீரை இவ்வளவு பக்கத்தில், நனையாமல், உட்கார்ந்து பார்ப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. இடது பக்கம் குனிந்து தேடினாள். ஒட்டுப் போட்ட இடம் கோட்டுக்குக் கீழே, கொஞ்சம் கருத்துத் தெரிந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. ஏரி அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்தியது. ஒட்டு அசையவில்லை.

"பத்தடி ஆயிடுச்சு" என்றான் காசி. "திரும்பட்டுமா?"

தனம் கையை எடுத்தாள். பின்னலைத் தூக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, கொண்டையாக முடிந்து இறுக்கினாள். வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போங்க" என்றாள். "நடுவுக்குப் போங்க."