விசிலுக்கு ஆடிய பாலம்

மில்லுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஆறு. அதன்மேல் கம்பியில் தொங்கும் நடைபாலம். அதற்குக் காவல்காரன் நான். ஷிப்ட் விட்டால் முந்நூறு பேர் முண்டியடிப்பார்கள். இரண்டிரண்டு பேராக வரிசை கட்டி அனுப்புவேன். ஒரு விசிலுக்கு வலது கால், அடுத்த விசிலுக்கு இடது கால். அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு இன்ஜினியர் வந்து விசிலை நிறுத்தச் சொன்னான். பாலத்துக்கென்று ஒரு ஆட்டம் இருக்கிறதாம். அதே தாளத்தில் எல்லாரும் மிதித்தால், ஊஞ்சலை உந்துவதுபோல ஆட்டம் ஏறிக்கொண்டே போகுமாம். யானையைத் தாங்கும் பாலம் ஊதலுக்கு விழுமா? என் வேலைக்கு உலை வைக்கிறான் என்றுதான் பட்டது. வரிசை இல்லாவிட்டால் நான் எதற்கு?

மறுவாரம் மில்லில் புதிதாக ஆள் எடுத்தார்கள். வரிசை பாலம் முழுக்க நீண்டது. நட்டநடுவில் என் மகள், ஏழு மாத வயிற்றோடு.

ஊதினேன். பாலம் பக்கவாட்டில் அசைந்தது. விழாமல் இருக்க எல்லாரும் காலை அகட்டி, ஒரே பக்கமாகச் சாய்ந்து மிதித்தார்கள். வரிசை கெடுகிறதே என்று இன்னும் பலமாக ஊதினேன். ஊத ஊத ஆடியது. தொங்கு கம்பி ஒன்று டங்கென்று அறுந்து தண்ணீரில் விழுந்தது.

மகள் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, வாயில இருக்கறத மொதல்ல துப்பு!"

துப்பினேன். அவள் மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"யாரும் நடக்காதீங்க. அப்படியே உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். பாலம் இன்னும் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துத்தான் அடங்கியது. ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்தார்கள். மகள் கரையேறினாள். என் கழுத்துக் கயிற்றிலிருந்த விசிலை அறுத்து ஆற்றில் எறிந்தாள்.

கம்பியை மாற்றிவிட்டார்கள். வேலையும் போகவில்லை. இப்போது கூட்டத்தைக் கலைத்து, பத்துப் பத்துப் பேராக அனுப்புகிறேன். "வரிசை கலைக்கிற வாத்தியார்" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். அந்த இன்ஜினியரிடம் இன்னும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் தெருவில் போகும்போது முன்னால் போகிறவனோடு என் கால் ஒத்துப்போனால், அவன் தெருமுனை தாண்டும்வரை ஓரமாக நின்றுவிடுகிறேன்.