ரெட்டியார்பாளையத்தில் இரண்டு மந்திரவாதிகள்

விமல்ராஜ் நெருப்பைத் தவிர வேறு மந்திரம் எதையும் படித்ததில்லை. இது பூர்ணிமாவுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது.

பூட்டிய கதவா? நெருப்பு. ஆற்றில் பாலம் இல்லையா? நெருப்பு. வழி மறித்த வியாபாரி அரிசி விலை கேட்டதற்கும் நெருப்பு. அந்த வியாபாரி இருந்திருந்தால் மூன்றாவது கோட்டைக்கு வழி சொல்லியிருப்பான். சாம்பலானதால் நாலு ஞாயிற்றுக்கிழமை வீணாய் அலைந்தார்கள்.

விமல்ராஜின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, பழைய சிப்பாய். ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு, மாடியில் ஏசி அறை; அவன் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அங்கேதான். பையன் இரண்டு வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு 2007 ஆரம்பத்தில் திரும்பினான். அங்கே என்ன படித்தான் என்பது தெரியவில்லை. கொண்டுவந்தது ஆட்ட விதிகள் எழுதிய ஒரு தடிப் புத்தகம். வழவழ அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், எல்லாம் பிரெஞ்சு.

"இதான் ஒரிஜினல்" என்று மேசையில் போட்டான். "உங்க ஜெராக்ஸ எடைக்குப் போட்டுருங்க."

இங்கிலீஷில் எழுதிய ஆட்டத்தின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரிஜினல் என்கிறவனிடம் என்ன பேசுவது? பூர்ணிமா ஸ்பைரல் போட்ட இங்கிலீஷ் ஜெராக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் இதுதான். இளஞ்செழியன் கதை சொல்வான். அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைக்குள் மாட்டிக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். தப்பிப்பதும் சாவதும் இருபது முகப் பகடையின் கையில். பைக் ஷோரூமில் வேலை பார்க்கும் கொளஞ்சி, இரும்பன் என்கிற வாள்வீரன். பூர்ணிமா, கருநொச்சி என்கிற மந்திரக்காரி. ஆட்டம் தொடங்கும்முன் மந்திரவாதி அன்றைக்கு என்னென்ன மந்திரம் என்று காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதாதது வராது, போட்டது மறுபடி வராது. இந்த எழுத்து வேலைக்காகவே பூர்ணிமாவுக்கு மந்திரக்காரியைப் பிடிக்கும். இரண்டு வருஷமாய்க் கருநொச்சியை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றி வந்திருக்கிறாள்.

விமல்ராஜும் மந்திரவாதியாகத்தான் வந்தான். பெயர், அக்கினிராஜன். அந்தப் பெயரை வைத்துக்கொள்ளக் கூசாதவனுக்கு எதுவும் கூசாது என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

"மூணு பேருக்கு ரெண்டு மந்திரவாதி எதுக்கு மாஸ்டர்?" என்றான் விமல்ராஜ், போன வாரம். "காயம்பட்டா கட்டுப்போட ஆளில்ல. பூர்ணிமா வைத்தியச்சியா மாறட்டும். பொண்ணுங்களுக்கு அதான் பொருத்தம்."

"பொருத்தம் பாக்க நீ என்ன ஜோசியக்காரனா?" என்றாள் பூர்ணிமா.

இளஞ்செழியன் இரண்டு பேரையும் பார்த்தான். ஏசியைப் பார்த்தான். காலாப்பட்டு கேம்பஸில் லேப் உதவியாளன் அவன். சோதனைக் குழாய்க்குக்கூட மனம் நோகாமல் கழுவுகிறவன். தீர்ப்பும் அப்படித்தான் வந்தது.

"அடுத்த வாரம் எலும்புக் கூடத்துக்குள்ள போறீங்க. எந்த மந்திரவாதி உயிரோட வெளிய வரானோ அவன் இருக்கட்டும். ரெண்டு பேரும் வந்துட்டா சீட்டுக் குலுக்கிப் போடலாம். இன்னொருத்தர் வைத்தியர்."

இரண்டு வருஷத்துக் கருநொச்சியைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்களாம். முதுகெலும்பு என்பது இளஞ்செழியனின் கதையில் வரும் எலும்புக்கூடுகளுக்கு மட்டும்தான் உண்டு போலிருக்கிறது.

அவன் சொன்ன அந்த ஞாயிறு மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. மேசை மேல் பெரிய கிராஃப் தாள். ஒரு கட்டம் ஒரு அடி என்பது முதல் நாளிலிருந்து இருக்கும் வழக்கம். தாளின் நடுவே சதுரமாய் ஒரு கூடம். தெற்கே கூடத்துக்குள் வரும் சுரங்க வழி.

"கூடத்துச் சுவரோரமா எட்டு எலும்புப் படை நிக்குது" என்றான் இளஞ்செழியன். "கையில துருப்பிடிச்ச கத்தி. உங்களப் பாத்துடுச்சிங்க. இன்னும் அசையல. நீங்க மூணு பேரும் சுரங்கத்துல, வாசலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். என்ன பண்றீங்க?"

கொளஞ்சி வாயைத் திறப்பதற்குள் விமல்ராஜ் எழுந்து நின்றான்.

"கூடத்து நட்டநடுவுல அக்கினி உருண்டை."

"எட்டும் சுவரோரமா நிக்குதுடா" என்றான் கொளஞ்சி.

"உருண்டை வெடிச்சா பரவும் தம்பி. புக்குல இருக்குது." பக்கத்தைப் புரட்டினான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பாரீஸ் ரேடியோவில் செய்தி வாசிப்பவன் மாதிரி பிரெஞ்சில் ரெண்டு வரி வாசித்தான். "ஆரம் ஆறு." பேனா முனையைக் கூடத்து நடுவில் ஊன்றி வாசல் பக்கமாய் எண்ணினான். ஒன்று, இரண்டு, ஆறு. "நாம பதினஞ்சாவது கட்டத்துல நிக்குறோம். நம்ம மேல பொறிகூடப் படாது."

தங்கள் பக்கம்தான் எண்ணினான். எலும்புகளின் பக்கம் எண்ணவே இல்லை.

இந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் மாஸ்டர் மூன்று தட்டுத் தட்டுவான். மூன்றாவது தட்டு விழும்வரை வார்த்தையை மாற்றலாம், பக்கத்திலிருப்பவர்களும் நகரலாம். விழுந்தபின் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது.

இளஞ்செழியன் முதல் தட்டுத் தட்டினான்.

பூர்ணிமாவின் கண் புத்தகத்தில் இருந்தது. தலைகீழாய்த்தான் தெரிந்தது. ஆனாலும் அந்த ஆறுக்குப் பக்கத்தில் நின்ற ஒற்றை எழுத்தை அவளால் எந்தப் பக்கமிருந்தும் வாசிக்க முடியும். பிளான் போடும் ஆபீஸில் அவளுக்கு அதுதான் சோறு. டவுனுக்குள் பழைய பிரெஞ்சுக்காரன் காலத்து வீட்டுப் பத்திரங்கள் முழுக்க மீட்டர். கொத்தனார்களுக்கு அடி வேண்டும். நாள் பூராவும் மாற்றி மாற்றி எழுதுகிறவள்.

அந்த ஆறு, ஆறு மீட்டர்.

கிட்டத்தட்ட இருபது அடி. பதினைந்தில் நிற்கிற மூன்று பேரும் கரி.

"விமல்" என்றாள். "ஆறுன்னா, ஆறு என்னாது?"

"ஆறுன்னா ஆறுதான்." அவன் கொளஞ்சியைப் பார்த்துக் கண்ணடித்தான். "பிரெஞ்சு தெரியலன்னா பரவால்ல. எண்ணக்கூடவா தெரியாது?"

"இன்னொரு தடவ அந்த வரியப் பாரேன்."

"ஏம்மா, மந்திரம் போடறவன் நானா நீயா? வைத்தியச்சி வேலைக்கு இப்பவே பழகிக்க. வாய மூடிக்கிட்டுப் பின்னால நில்லு."

ஒரு முறை கேட்டது மனிதத்தன்மை. இரண்டு முறை கேட்டது தர்மம். மூன்றாம் முறை கேட்க அவள் கோயில் கட்டிக் குடமுழுக்குச் செய்தவள் இல்லை.

இரண்டாவது தட்டு விழுந்தது.

"சரி, நில்லுன்னு சொல்லிட்ட. கருநொச்சி சுரங்கத்துக்குள்ள பத்தடி பின்னால போறா" என்றாள் பூர்ணிமா. "கொளஞ்சி, நீயும் வா."

கொளஞ்சி அவள் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. "இரும்பனும் அக்காகூடப் போறான் மாஸ்டர்."

"பயந்தாங்கொள்ளிங்க" என்று சிரித்தான் விமல்ராஜ்.

மூன்றாவது தட்டு.

"செழியா" என்றாள் பூர்ணிமா, "பகடை போடறதுக்கு முன்னாடி புக்க வாங்கி நீயே படி. எழுத்துக் கூட்டிப் படிச்சாப் போதும்."

இளஞ்செழியன் வாங்கிப் படித்தான். அவன் முகம் சோதனைக் குழாய் உடைந்தது மாதிரி ஆயிற்று.

"ஆறு மீட்டரு" என்றான் மெதுவாய்.

"பத்தொம்பது அடி எட்டு அங்குலம்" என்றாள் பூர்ணிமா. "அக்கினிராஜன் நிக்கறது பதினஞ்சு அடி. நாங்க நிக்கறது இருபத்தஞ்சு."

கொளஞ்சி மேசைக்கடியில் குனிந்துகொண்டான். எதையோ தேடுகிறவன் மாதிரி. தோள் மட்டும் குலுங்கியது.

விமல்ராஜ் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். எழுத்து மாறவில்லை.

"நான் அடியத்தான் சொன்னேன். கட்டம் எண்ணித்தான காட்டனேன்? எல்லாரும் பாத்தீங்க இல்ல?" குரல் உயர்ந்தது. "இது என் வீடு. என் புக்கு. இப்படில்லாம் ஆள மாட்டிவுட்டு ஆடறதா இருந்தா எனக்கு வேணாம்."

வந்துவிட்டது. எப்போது வரும் என்று அவள் காத்திருந்த வார்த்தைதான். வீடும் புத்தகமும் எவனுடையதோ அவனுக்கு நெருப்பு சுடாது.

இளஞ்செழியன் ஏசியைப் பார்த்தான். பேனாவை மூடித் திறந்தான்.

"அவன் எண்ணிக் காட்டனது ஆறு கட்டம். அதனால... ஆறு அடின்னே வெச்சிக்கலாம். பூர்ணிமா, நீ கோச்சிக்காத."

"நான் ஏன் கோச்சிக்கறேன்?" என்றாள். "ஆறு அடியாவே இருக்கட்டும். மூணு தட்டு விழுந்துடுச்சி, இனிமே மாத்தக் கூடாது. ஒப்புக்கறியா விமல்?"

"ஒப்புக்கறேன்." அவன் உட்கார்ந்தான். ஜெயித்துவிட்டவனுக்கான முகம் திரும்பி வந்திருந்தது.

"அப்ப நடுவுலருந்து சுவர் பக்கமும் எண்ணிடு செழியா."

இளஞ்செழியன் எண்ணினான். நடுவிலிருந்து சுவருக்குப் பத்துக் கட்டம். எந்தச் சுவருக்கு எண்ணினாலும் பத்து.

கொளஞ்சி தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான்.

"தரை கருகிடுச்சி" என்றான் இளஞ்செழியன், கதை சொல்லும் குரலில்; ஆனால் அந்தக் குரலுக்கே வெட்கமாக இருந்தது. "எலும்புங்க மேல ஒண்ணும் படல. எட்டும் திரும்பி அக்கினிராஜனப் பாக்குது. நடக்க ஆரம்பிக்குது."

"நான் இன்னொரு உருண்டை..."

"உன் காகிதத்துல என்னா எழுதியிருக்குது?" என்றாள் பூர்ணிமா.

எழுதியிருந்தது ஒன்றே ஒன்று. பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு. அதுதான் தரையைக் கருக்கிவிட்டுப் போயிற்று.

"என் முறையா?" என்று கேட்டுவிட்டுத் தன் காகிதத்தைப் பார்த்தாள் பூர்ணிமா. ஏழு வரி. ஐந்தாவதைச் சுட்டினாள். "கல் சுவர். சுரங்கத்த அடைச்சி ஒரு சுவர் எழுப்புறேன்."

"எந்த எடத்துல?" என்றான் இளஞ்செழியன்.

விமல்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்தான். "பூர்ணிமா. எனக்கு முன்னால போடு. எனக்கும் எலும்புக்கும் நடுவுல. அங்க பதினாலாவது கட்டம் காலியாத்தான் இருக்குது." முதல் தடவையாய் அவன் குரலில் மரியாதை மாதிரி ஒன்று வந்திருந்தது. "ப்ளீஸ்ப்பா."

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் இல்லை, ஒரு பாத்திரக் காகிதம் போகும். போன மாசம் செய்த காகிதம். அவளுக்குப் போகவிருந்தது இரண்டு வருஷம்.

"இருபதாவது கட்டத்துல" என்றாள்.

"அது எனக்குப் பின்னால."

"எண்ணத் தெரியுது உனக்கு."

இளஞ்செழியன் ஒரு தட்டுத் தட்டினான். அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டாவது தட்டு. இந்தத் தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே கொஞ்சம் அதிகமாகவே நேரம் கொடுத்தான். வார்த்தையை மாற்றுவாள் என்று நம்பினான் போலிருக்கிறது. பூர்ணிமா தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

மூன்றாவது.

சுவர் எழும்பியது. அந்தப் பக்கம் எட்டு எலும்புக்கும் எட்டு முறை பகடை உருண்டது. ஐந்தாவது உருளலிலேயே காரியம் முடிந்துவிட்டது. மீதி மூன்றையும் இளஞ்செழியன் போட வேண்டியதில்லை. கொளஞ்சிதான், "கணக்குக்குப் போட்டுடுங்க மாஸ்டர்" என்றான்.

அக்கினிராஜனின் காகிதத்தை இளஞ்செழியன் நாலாய் மடித்து ஓரமாய் வைத்தான். விமல்ராஜ் புத்தகத்தை மூடினான். திறந்தான். ஆட்டம் முடிந்தது, எல்லாரும் எழுந்து போங்க என்று சொல்லப்போகிறான் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் அவனுக்கும் போக்கிடம் கிடையாது.

"கருநொச்சிதான் இனிமே மந்திரக்காரி" என்றான் இளஞ்செழியன், யாரையும் பார்க்காமல்.

"அத சொல்ல ஒரு வாரம் ஆச்சி உனக்கு" என்றாள் பூர்ணிமா. "நடத்து."

"சுவருக்கு அந்தப் பக்கம் குத்துற சத்தம் கேக்குது. இன்னும் ரெண்டு சுற்று தாங்கும். அப்புறம் எட்டும் உள்ள வந்துடும். என்ன பண்றீங்க?"

கொளஞ்சி பூர்ணிமாவைப் பார்த்தான். அவள் மிச்சமிருந்த ஆறு வரிகளின் மேல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

விமல்ராஜ் தாளின் மேல் குனிந்தான். "அந்தச் சுரங்கம் குறுகலா இருக்குது. அங்க நீ என்னா பண்ணலாம்னா..."

"நீ செத்துட்ட" என்றாள் பூர்ணிமா, நிமிராமல். "பேசாம உக்காரு."