அவிச்ச பயறின் சூடு

கொட்டகலையில் பஸ்ஸுக்கு நின்ற சுதர்ஷினியின் முன்னால் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"சுதா தானே? ஏறு. ஒங்க அண்ணன் வீட்டுப் பக்கந்தான் போறேன்."

அவள் ஒரு கணம் தடுமாறிப் பிறகுதான் அடையாளம் கண்டாள். விஜிதரன். பன்னிரண்டாம் வகுப்பில் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவன், பாதியில் படிப்பை விட்டவன். இருபத்திரண்டு வருசமாகிவிட்டது. அவள் இப்போது வத்தளையில் உயிரியல் டீச்சர், லீவுக்கு வந்திருந்தாள்.

வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்திக் கொழுந்துச் சாக்குகளை ஏற்றினார்கள். காலையில் பறித்து இறுக்கிக் கட்டியவை. விஜிதரன் ஒரு சாக்கின் வாயைத் தளர்த்தி, "கைய விட்டுப் பாரு" என்றான்.

முழங்கை வரை விட்டாள். வெளியே மூடுபனிக் குளிர். உள்ளே காய்ச்சல்காரன் நெற்றி போலச் சூடு.

"பறிச்சாலும் சாகல்ல, மூச்சு விடுது. இந்தச் சூட்டத் தொடுறப்பல்லாம் நம்ம பயறுதான் ஞாபகம் வரும்" என்றான்.

அவளுக்கும் எல்லாம் ஞாபகம் வந்தது. ஆய்வுகூடத்தின் ஸ்பிரிட் வாசம். ஜன்னலுக்கு வெளியே கூவிக்கொண்டு போகும் பதுளை ரயில். இரண்டு தெர்மொஸ் பிளாஸ்க். ஒன்றில் முளைவிட்ட பயறு, மற்றதில் அவித்த பயறு. வாயில் பஞ்சடைத்து வெப்பமானி செருகியிருந்தார்கள். ஒரு பிளாஸ்க் விஜிதரன் வீட்டுடையது. அந்த மூன்று நாளும் அவன் அப்பா ஆறின தேத்தண்ணிதான் குடித்தார்.

முளைப்பயறு இரண்டாம் நாளே சூடேறியது. மாவைச் சீனியாக்கி, ஒட்சிசனோடு சேர்த்து எரிக்கிறது. வருகிற சக்தியில் ஒரு பங்கு வளர, மிச்சம் சூடாகப் போகிறது என்று படித்தது அப்படியே நடந்தது. ஆனால் மூன்றாம் நாள், சூடேறக்கூடாத அவித்த பயறும் சூடாகிவிட்டது.

"செத்த பயறு எப்பிடிடா மூச்சு விடும்? ஒழுங்கா அவிச்சியா?" என்று உயிரியல் சேர் விஜிதரனைத்தான் கேட்டார். வகுப்பே சிரித்தது. சுதர்ஷினியும் சிரித்தாள்.

லொறி புறப்பட்டது.

"சுதா, ஒண்ணு கேக்கவா? நானும் அம்மாவும் ஒரு மணித்தியாலம் அவிச்சோம். பொகையில அம்மாவுக்குக் கண்ணே செவந்துபோச்சு. அப்பறம் எப்பிடிச் சூடேறுச்சு?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "பயறு செத்துத்தான் போச்சு விஜி. அவிச்சதுக்கு அப்பறம் அதுல கிருமி வந்திருச்சு. செத்ததத் தின்னு பெருகுற பக்டீரியா, பூஞ்சணம். அதுகளும் மூச்சு விடுது. அந்தச் சூடு அதுகளோடது. கிருமி கொல்லுற மருந்துத் தண்ணியில கழுவிப் போட்டிருக்கணும். அத யாரும் நமக்குச் சொல்லல்ல."

"அப்ப நான் நல்லாத்தான் அவிச்சிருக்கேன்."

"நல்லாத்தான் அவிச்ச. கெம்பஸ் போன மொத வருசமே எனக்குத் தெரியும். தேடி வந்து சொல்லியிருக்கணும். சொல்லல்ல. மன்னிச்சிரு."

அவன் இரண்டு வளைவு ஓட்டினான். தேயிலை மலைகள் ஈரத்தோடு பின்னால் போயின. பிறகு லொறியை ஓரங்கட்டி, போனை எடுத்து லவுட்ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, நம்ம அவிச்ச பயறு நல்லா வெந்துதான் இருந்துச்சாம். சுதா டீச்சர் சொல்லுது."

"எந்தப் பயறுடா? மத்தியானம் பருப்புத்தானே வச்சேன்?"

விஜிதரன் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"யாரு, நம்ம சுதாவா பக்கத்துல?" என்றது போன். "வீட்டுக்குக் கூட்டியா. சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

சுதர்ஷினி அண்ணனுக்குப் போன் செய்து, வரப் பிந்தும் என்றாள்.