எதிர்ப்பக்கத்திலிருந்து

போனில் இருந்த புகைப்படத்தை விரலால் பெரிதாக்கிய கஜானி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள்.

குருநகரில் எழும்பும் முன்பள்ளிக்கு அவள்தான் பொறியியலாளர். வாசலுக்கு மேலே, சுவரிலிருந்து ஐந்தடி வெளியே நீளும் கொங்கிறீற்றுத் தட்டு. முன்னால் தூண் கிடையாது. மழை பெய்தால் பிள்ளைகள் அதன் கீழேதான் ஒதுங்குவார்கள். கொங்கிறீற் போட்டு எட்டு நாள். தட்டைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைக் கழற்ற இன்னும் ஆறு நாள். கொங்கிறீற் போடுவதற்கு முன், கம்பி கட்டுகிற எமில்ராஜ் அனுப்பிய படம் அது. அறிக்கையில் சேர்க்கத் தேடி எடுத்தவள், இப்போதுதான் உற்றுப் பார்த்தாள்.

கம்பிகள் அடிப்பலகையோடு ஒட்டிக் கீழே கிடந்தன. மேலே இருக்கவேண்டியவை. தூண் இல்லாத தட்டுக்கு மேற்பக்கம்தான் இழுபடும். அங்கே கம்பி இல்லாவிட்டால், முட்டு எடுத்த அன்றோ அடுத்த மாரியிலோ, சுவரோடு முறிந்து விழும்.

வரைபடம் சரியாகவே இருந்தது. பிறகு ஏன்?

நினைவு வந்தது. அன்று எமில்ராஜ் சுவர்ப் பக்கம் குந்தியிருந்தார். அவள் அவருக்கு எதிரே, தட்டின் வெளி ஓரத்தில் நின்றாள். போனில் வரைபடத்தின் அந்தத் துண்டை மட்டும் பெரிதாக்கி, பலகைக்கு மேலாக அவரிடம் நீட்டினாள். திரையில் எழுத்து எதுவும் இல்லை. கோடுகள் மட்டும். அவளுக்கு மேலே தெரிந்தது அவருக்குக் கீழே தெரிந்திருக்கும். பெரிய கடதாசியை விரித்திருந்தால் அவர் எழும்பி அவள் பக்கம் வந்திருப்பார்.

இந்தப் படம் வந்தபோது அவள் உரும்பிராயில் வேறொரு வேலையில் நின்றாள். வெயிலில் திரை மங்கலாக இருந்தது. ‘ஓம், போடுங்கோ’ என்று எழுதிவிட்டாள்.

அவள் மோட்டார் சைக்கிளை எடுத்தாள்.

"என்ன மிஸ், சொல்லாமல் கொள்ளாமல்? தேத்தண்ணி குடிக்கவோ?" என்றார் கட்டட வேலையைக் கொந்தராத்து எடுத்திருந்த பிலிப்பு.

அவள் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். பிலிப்பின் சிரிப்பு நின்றது.

"டேய் எமில், இஞ்சை வா. கம்பியைப் படுக்கப்போட்டு நித்திரையாக்கினனியோ?"

எமில்ராஜ் படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இருபத்தாறு வருசம் கம்பி கட்டினவனாம். நாளையிலையிருந்து மீன்வலை கட்டப் போ." பிலிப்பு அவள் பக்கம் திரும்பினார். "நீங்கள் யோசிக்காதேங்கோ மிஸ். பிழை உவன்ரை. அப்பிடியே எழுதுங்கோ."

எழுதலாம். எமில்ராஜ் மறுக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கஜானி வரைபடத்தைத் திறந்து, அதே துண்டைப் பெரிதாக்கி, எதிரே நின்ற பிலிப்பிடம் நீட்டினாள்.

"கம்பி எங்கை கிடக்கு, அண்ணை?"

"கீழை."

"என்ரை பக்கம் வந்து பாருங்கோ."

வந்தார். பார்த்தார். "மேலை," என்றார்.

"இப்பிடித்தான் இவருக்குக் காட்டினனான். இவர் அனுப்பின படத்தைப் பாத்து ஓம் எண்டதும் நான்தான். அறிக்கையிலை என்ரை பேர்தான் வரும். தட்டை உடைக்கோணும்."

எமில்ராஜ் தலையை நிமிர்த்தினார். "எனக்கு அண்டைக்கே ஐமிச்சம், மிஸ். உப்பிடியான தட்டுக்கு மேலைதானே கட்டுறனாங்கள். கேப்பம் எண்டு வாய் வரைக்கும் வந்தது. நீங்கள் படிச்ச ஆள். போனிலை வேறை கிடக்கு..."

"கேட்டிருக்கலாம்."

"ஓம்."

மத்தியானமே உடைக்கத் தொடங்கினார்கள். முட்டுகளில் கை வைக்கவில்லை. எமில்ராஜ் சுத்தியலையும் உளியையும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கஜானி ஏணியில் ஏறி நின்று பார்த்தாள்.

உளி மேலிருந்து இறங்கியது. ஓரங்குலம். இரண்டு. மூன்று. கம்பி வரவில்லை. தட்டின் தடிப்பே ஐந்தங்குலம். நாலாவதும் போனபிறகுதான் இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது.