வெட்டாத டேப்

கதவைத் திறந்ததும் கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மேசைமேல் டேப் டிரைவ். கம்ப்யூட்டரில் இருப்பதை டேப்பில் எழுதி வைக்கும் பெட்டி. கணவனின் ஆபீஸ் கழித்துக் கட்டியது. அங்கே ஆள் உயர அலமாரிக்குள் பத்தோடு பதினொன்றாக இருந்தது. குளிர்காற்றை அலமாரி கொடுத்தது. இதற்கென்று விசிறி கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன்தான் சின்ன விசிறி ஒன்றை அதன் முதுகில் கட்டினான். மாவு மில் மாதிரி இரையும்.

இப்போது இரைச்சல் இல்லை.

"விசிறி ஏன் ஓடல?"

"மேட்ச் பாத்துட்டிருந்தேன். கமென்ட்ரி கேக்கல. கொஞ்ச நேரம் நிறுத்துனேன்."

"டேப்பு?"

"உள்ள மாட்டிக்கிச்சு."

அதில் அவள் எடுத்த வீடியோ இருந்தது. மூடிப்போன ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையின் ஆட்கள், அதன் தூசி தந்த இருமலுக்கு நடுவே சொன்ன சாட்சியம். பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. வக்கீல் கோர்ட்டில் கொடுக்கக் காத்திருந்தார்.

"டிஸ்க்குல இருக்குல்ல?"

அவன் டிரைவையே பார்த்தான்.

"அழிச்சிட்டீங்களா?"

"எழுதி முடிஞ்சுது. இடம் வேணும்னு டிஸ்க்கைக் காலி பண்ணேன். அப்புறம் படிச்சுப் பாக்கலாம்னு ஓட்டுனேன்..."

"அப்புறமா! தலை போனப்புறம் தலைப்பாகைக்கு அளவெடுத்தீங்களாக்கும். ஆபீஸ்ல ஊர்க்கணக்கெல்லாம் நீங்கதானே டேப்புல ஏத்திக் காப்பாத்துறீங்க?"

"அங்க எழுதுனதை மெஷினே தானா சரிபாத்துக்கும்டி."

"இங்க நான் பாக்கணுமா?"

அவன் டிரைவின் மூடியைக் கழற்றினான். டேப் பாதி அதன் கேசட்டிலும் பாதி டிரைவின் உள்சக்கரத்திலும் சுற்றியிருந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கை உருகி இறுகிவிட்டது. அவன் கத்திரியை எடுத்தான்.

"நடுவுல வெட்டிட்டா டிரைவ் பொழைச்சுக்கும். இது மாதிரி இன்னொண்ணு கெடைக்காது."

"கத்திரியைக் கீழ போடுங்க."

"சொன்னா கேளு..."

"போடுங்க."

அவள் குறடை எடுத்து அந்தப் பிளாஸ்டிக் கையை நசுக்கி உடைத்தாள். உள்சக்கரத்தின் அச்சும் சேர்ந்து முறிந்தது.

"ஐயோ!" என்றான், தன் விலா எலும்பே முறிந்ததுபோல.

"செத்துப்போன மனுஷங்களுக்கு இப்படி ஒரு ஐயோ போட்டிருக்கீங்களா?"

டேப்பில் விரல் படாமல் கேசட்டின் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேசட்டுக்குள் சுற்றினாள். ஓரிடத்தில் சின்ன மடிப்பு. அறுந்திருக்கவில்லை. முழுசாக உள்ளே போனது.

"இதே ரக டிரைவ் ஆபீஸ்ல இன்னும் ஓடுதுல்ல?"

"ஓடுது. வெளி டேப்பை உள்ள விட மாட்டாங்க. மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்லிக் கேக்கறது?"

டேப்பை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். கதவைத் திறந்தாள்.

"கமென்ட்ரி கேக்கலைன்னு சொல்லு. கிளம்பு."