ஆள் இல்லாத குடிசைகள்

இல்லை, வழி தப்பிவிட்டது, அதுதான், பேச்சு சுவாரசியத்தில் ஒரு திருப்பம் முன்னாலேயே இறங்கிவிட்டோம், அல்சூர் ஏரிக்கரை என்ன கையகலமா, நீளத்துக்குக் கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் நடந்தால் குடிசைகள் வந்துவிடும்… என்று பெர்னதெத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லும்போதே கால் நின்றுவிட்டது, ஏனென்றால் இந்தப் புளியமரம் அதே புளியமரம்தான், தாழ்ந்த கிளையில் யாரோ தூளி கட்டிய கயிறுகூட இன்னும் தொங்குகிறது. கீழே தரையில் சாணி மெழுகிய சதுரங்கள், ஒன்றை அடுத்து ஒன்று, ஒவ்வொன்றின் மூலையிலும் அடுப்புக் கற்கள். கூரை இல்லை, சாக்கு இல்லை, மூங்கில் நட்டிருந்த குழிகளில் ஈரமண் புதிதாகக் கிளறிக் கிடக்கிறது. காலையில் இங்கே ஒரு தெருவே இருந்ததே. பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு தெரு எங்கே போகும்? வாய் மட்டும் பிள்ளைகளை அதட்டும் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், ஓடாதீங்க, வரிசையா வாங்க, என்றது. என்ன வரிசை, இனி யாருக்கு வரிசை.

பின்னால் வந்த குடிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். ஒப்பாரி எழும், தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று பயந்து தோளைக் குறுக்கிக்கொண்டாள், ஒன்றும் எழவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எல்லார் கையிலும் சாமியார் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை. குருத்து ஞாயிறு ஓலையைக் கீழே போடக்கூடாது, கால் படக்கூடாது, வீட்டுக்குப் போனதும் கூரையில் சொருகிவையுங்கள், அடுத்த வருஷம் வரைக்கும் காவல் என்று சொல்லிக்கொடுத்தவள் அவளேதான், ஞானஸ்நானம் வாங்கியவர்கள், வாங்காதவர்கள், மாரியம்மனுக்கும் சேர்த்து நேர்ந்துகொள்பவர்கள் எல்லாருக்குமாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். இப்போது பெண்கள் குனிந்து கிளறிப் பார்க்கவும் முடியாமல், வைக்க இடமும் தெரியாமல், ஓலையை ஏந்திக்கொண்டே நிற்கிறார்கள். கீழே போடுங்கள் என்று சொல்லிவிடலாமா? ஆண்டவரே, இது என்ன கூத்து.

இவர்கள் வீடு இல்லாமல் பிறந்தவர்களா? பிளேக் வருஷத்தில் பிளாக்பள்ளிச் சந்துகளில் இவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்ததும், ஊருக்கு வெளியே முகாமில் கொண்டுபோய் அடைத்ததும் அதே முனிசிபல் ஆபீஸ்தானே, நோய் அடங்கியது, முகாமைக் கலைத்தார்கள், போ என்றார்கள், எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை, ஏரிக்கரையில் சாக்கைக் கட்டி உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தால் அதுவும் குற்றம். அசிங்கமாம், துரைகளின் குதிரைச் சவாரிக்கு இடைஞ்சலாம். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அந்தக் கோபத்தில்தான் பள்ளிக்கூடம் விட்டதும் தினம் இங்கே வர ஆரம்பித்தாள், ஆபீஸ் துரையின் பங்களா வாசலில் வெயிலில் நின்றாள், காவல்காரன் விரட்டியும் மறுநாள் போய் நின்றாள். ஆனால் அவள் வருவதற்கு முன்னாலேயே இவர்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஆள் இருக்கிற குடிசையில் கை வைக்க ஆபீஸ்காரர்களுக்கு உத்தரவு கிடையாது. அதனால் குடிசைக்கு ஒரு ஆள், கூலிக்குப் போகாமல், தண்ணீருக்குப் போகாமல், உள்ளேயே உட்கார்ந்திருக்கும், ஜுரமோ பிரசவமோ, ஆள் மாற்றி ஆள். உட்கார ஆள் இல்லாத நாளில் வீட்டையே மூட்டை கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள், சட்டி, பானை, பாய், கம்பளி எல்லாம். எத்தனை முறை பிடுங்கப்பட்டிருந்தால் ஒருவருக்கு இது பழக்கமாகும்?

அவளுக்கு அது போதவில்லையே. உட்கார்ந்தே இருந்தால் தீருமா, இவர்கள் யார் என்று ஊர் பார்க்க வேண்டாமா, திருடர்கள், நோய்க்காரர்கள் என்று பேசுகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் கூடுகிற குருத்து ஞாயிறு பவனியில், வெளுத்த துணி உடுத்தி, ஓலை பிடித்து, இவர்களும் நடந்தால் யாருக்கு இவர்களை விரட்ட மனசு வரும்… எவ்வளவு அழகாகத் தோன்றியது, ராத்திரி தூக்கமே வரவில்லை அவளுக்கு. சவரியம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கால் விளங்காத பொம்பளை, இந்தக் கரையில் முதல் சாக்கைக் கட்டியவள். நீங்கல்லாம் போய்ட்டு வாங்க வாத்தியாரம்மா, நா இங்கயே குந்திக்கினு இருக்கேன், எவனாச்சும் வந்தா கத்துவேன்ல, என்றாள். சிரித்தது பெர்னதெத், ஆமாம், சிரித்தாள், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சவரியம்மா, தொரை கிறிஸ்தவரு, குருத்து ஞாயிறும் அதுவுமா ஆபீஸ் தெறந்து உங்க சாக்கப் பிடுங்குவாரா, அவரும் கோயில்லதான் இருப்பாரு, என்றாள். இரண்டு ஆண்கள் தோள் கொடுத்து சவரியம்மாவைத் தூக்கி நடத்திக்கொண்டு வந்தார்கள். மூட்டைகள்? அதை நினைக்காதே… நினைக்காமல் எப்படி, காலையில் எல்லாரும் வழக்கம்போல் தலையில் மூட்டையோடு வந்து நின்றபோது, பவனிக்கு வரீங்களா சந்தைக்கு வரீங்களா, எறக்கி வைங்க எல்லாத்தையும், என்று அதட்டியவள் யார். வைத்தார்கள். அவள் சொன்னாள் என்பதற்காக வைத்தார்கள்.

கரை மேட்டில் கடைசி மாட்டு வண்டி நின்றது, சாக்கும் மூங்கிலும் ஏற்றி, மேலே ஒரு மண்பானை கவிழ்ந்து கிடந்தது. அவள் ஓடினாள், புடவைக் கொசுவம் தடுக்கியது, தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வண்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றவர் ஸ்ரீகண்டன், ஆபீஸ் ஓவர்சியர், நெற்றியில் விபூதி, பார்த்தால் யாருக்கும் கெடுதல் நினைக்காத முகம், அவளைப் பார்த்ததும் மரியாதையாகக் குடையைக்கூட மடக்கினார். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார், என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. ஞாயித்துக்கிழமைதான் அம்மா, தொரை கோயிலுக்குப் போயிருக்கார், எங்களுக்கு என்ன ஞாயிறு, என்றார். யார் சார் உங்களுக்கு உத்தரவு குடுத்தது? எப்பவோ குடுத்த உத்தரவுதான் அம்மா. ஆள் இருந்தா தொடாதே, ஆள் இல்லேன்னா எடுத்துடு, அவ்வளவுதான். நானும் மாசக்கணக்கா வந்து பாத்துட்டுப் பாத்துட்டுப் போறேன், எப்ப வந்தாலும் யாராவது ஒருத்தர் உள்ளே உக்காந்திண்டு இருப்பா. இன்னிக்கு வந்து பாத்தா ஒரு ஈ காக்கா இல்லே, எனக்கே ஆச்சரியம். சாமானெல்லாம் பத்திரமா இருக்கு, ஆபீஸ்ல வந்து கேக்கச் சொல்லுங்கோ. பிறகு வண்டிக்காரனைப் பார்த்து, ஹோகப்பா, ஹோகு, என்று கன்னடத்தில் போகச் சொன்னார். வண்டி அசைந்தது. அந்த மனிதரைத் திட்டக்கூட முடியவில்லையே, அவர் பொய் சொல்லவில்லையே, மாதக்கணக்கில் இவரால் முடியாததை அவள் ஒரு காலையில் செய்து கொடுத்திருக்கிறாள், ஒரு ஆளை விடாமல், விளங்காத காலையும் விடாமல், அழைத்துக்கொண்டு போய்.

அவள் திரும்பி இறங்கி வந்தாள். யாருக்காக அந்த வெளுத்த துணி, யார் பார்க்க? கோயில் வாசலில் பெரிய வீட்டு டோரீன் அம்மாள், இவங்கதான் உங்க ஏரிக்கரை ஜனமா, நல்ல சுத்தமாத்தான் இருக்காங்க, என்று சொன்னபோது உச்சி குளிர்ந்ததே, அந்தக் குளிர்ச்சிக்காகவா? மூட்டையோடு இவர்கள் நடந்திருந்தால் வெட்கமாக இருந்திருக்கும், அதுதானே நிஜம், அவளுக்குத்தானே வெட்கம், இவர்களுக்கு என்ன வெட்கம், தன் பானையைத் தான் சுமப்பதில்… வேண்டாம், இப்போது இதையெல்லாம் யோசித்து என்ன, முதலில் ஆபீசுக்குப் போக வேண்டும், சாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும், விடக்கூடாது, வாசலிலேயே உட்கார்ந்துவிட வேண்டும், அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

அதற்குள் இங்கே காரியம் நடக்க ஆரம்பித்திருந்தது. யாரோ ஓலைகளையெல்லாம் வாங்கிக் கட்டாகக் கட்டிப் புளியமரக் கவட்டில் வைத்துவிட்டிருந்தார்கள், அடுப்புக் கற்களில் கரி அதிகம் பிடிக்காதவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்கள். சவரியம்மா வேரின் மேல் உட்கார்ந்து, யார் முன்னால் போவது, யார் பிள்ளைகளைத் தூக்குவது என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள், சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பெர்னதெத் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. என் மேல தப்பு சவரியம்மா, என்றாள், அழுதேவிட்டாள். அட, அழாதீங்க வாத்தியாரம்மா, நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க, எங்களுக்கு இது புதுசா, என்று சவரியம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கையில் கொஞ்சங்கூடக் கோபம் இல்லை. இன்னிக்கு ராத்திரி எங்க தங்கப் போறீங்க, சொல்லுங்க, நா வீட்டுக்குப் போய் அரிசியும் பாயும் எடுத்துக்கினு நேரா அங்க வந்துடறேன், என்றாள் பெர்னதெத். சவரியம்மா மற்றவர்களைப் பார்த்தாள், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எங்கயாச்சும் போவோம் வாத்தியாரம்மா, வெயில் ஏறுது, நீங்க வூட்டுக்குப் போங்க. இல்ல, எந்தப் பக்கம்னாவது சொல்லுங்க, ஜோகுபாளையம் பக்கமா, செங்கல் சூளைப் பக்கமா? பார்ப்போம், என்றாள் சவரியம்மா, ரொம்பப் பிரியமாக, குழந்தையிடம் சொல்வதுபோல. ஜோகுபாளையம்தான் என்று யாருக்காவது வாய் தவறும் என்று பெர்னதெத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், இத்தனை நாள் பிள்ளைப்பேறு முதல் புருஷன் அடித்தது வரை எதையும் அவளிடம் மறைக்காத முகங்கள், எல்லாரும் அன்பாகத்தான் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, போகிற இடம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஆபீசுக்குத் தெரியக்கூடாத இடம், அப்படியானால்… தனக்கும்?